ஏழாம் மேசை விளக்கு

ஒரே நுண்ணோக்கிக் குழாய் வழியாக, ஒரே கண்ணாடித் துண்டின் மேல் இருக்கும் ஒரே இலையைக் காலையில் ஒருத்தி பார்த்து வரைகிறாள். மதியம் இன்னொருத்தி பார்த்து வரைகிறாள். இரண்டு படங்களும் ஒத்துப்போகவில்லை. இருவரும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் யாருக்கு மதிப்பெண்ணைக் குறைப்பது?

இந்தக் கேள்வியைக் கண்ணாடியக்காவிடம் யாரும் கேட்டதில்லை. அவளும் இந்த வார்த்தைகளில் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை. ஆனாலும் அவள் பதினாறு வருடம் பார்த்த வேலையை எட்ட நின்று பார்த்தால், தெரியாமலே அந்தக் கேள்விக்குக் காவல் இருந்தவள் போலத்தான் தோன்றுகிறாள்.

ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் அவள் உதவியாளர். நாள் முழுக்கக் கையில் கண்ணாடிச் சில்லுகள். மூக்கின் மேல் தடித்த கண்ணாடி. பெயர் இரண்டில் எதனால் வந்தது என்பது பெயர் வைத்தவர்களுக்கே மறந்துபோயிற்று. இரண்டாம் மாடியில் நீளமான அறை. ஒழுகும் தண்ணீர்க் குழாயின் வாயில் துணி கட்டியிருக்கும். மடித்த காகிதத்தைச் செருகினால்தான் மூடுகிற ஓர் அலமாரி. பன்னிரண்டு மேசைகள், பன்னிரண்டு நுண்ணோக்கிகள். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு மரப்பெட்டி. அதற்குள் ஒரு குண்டு பல்பு, பெட்டி வாயில் பால் நிறக் கண்ணாடி. நுண்ணோக்கியின் அடிக்கண்ணாடியை அதன் பக்கம் திருப்பி வைத்தால் வெளிச்சம் ஏறி வரும்.

செய்முறைத் தேர்வு நாளில் ஒவ்வொரு மேசையிலும் ஒரு பொருள் இருக்கும். மணி அடித்தால் அடுத்த மேசைக்கு நகர வேண்டும். மேசைக்கு ஐந்து நிமிடம். ஏழாம் மேசையில் எப்போதும் பாசி இலைதான். கல்லூரி மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி வழிந்து சொட்டுகிற இடத்தில் பச்சைக் கம்பளம் போலப் பாசி உண்டு. அதில் ஒரு துளிர் இலையை இடுக்கியால் கிள்ளி வந்து, ஒரு சொட்டுத் தண்ணீரில் வைத்து, மேலே மெல்லிய கண்ணாடியை மூடுவாள். அந்த இலை ஒரே ஒரு செல் கனம் என்பதால் வெட்டவோ சாயம் போடவோ வேண்டியதில்லை. செல்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். கட்டத்துக்குள் பச்சை மணிகள். பாடப்புத்தகம் அவற்றைப் பசுங்கணிகங்கள் என்கிறது. இலை வெயிலை வாங்கி உணவாக்குவது அவற்றுக்குள்தான். கண்ணாடியக்கா மணி என்றே சொல்லுவாள்.

வெளியூரிலிருந்து வரும் தேர்வாளர் காலையில் பன்னிரண்டு குழாய்களிலும் கண்ணை வைத்துப் பார்ப்பார். சரி என்றால் குழாயை ஏற்றி இறக்கும் திருகுமரையின் மேல் டேப் ஒட்டிக் கையெழுத்துப் போடுவார். அதன் பிறகு யாரும் குழாயைத் தொடவோ எட்டிப் பார்க்கவோ கூடாது. மதியம் இலை காயாமல் இருக்க, கண்ணாடி ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவதோடு கண்ணாடியக்காவின் அதிகாரம் முடிந்தது.

அவளாக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம் ஒன்றும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த வருடம், மதியத் தேர்வுக்கு விளக்குகளைத் திரும்பப் போட்டபோது இரண்டு பல்புகள் பட்டென்று போயின. தேர்வாளர் எல்லோர் முன்பும் அவளைத் திட்டினார். பழைய பல்பு எரியும்போது போவதில்லை, போடும்போதுதான் போகும் என்று அன்று தெரிந்துகொண்டாள். அதிலிருந்து காலையில் போட்ட விளக்கைக் கடைசி ஆள் வெளியே போகும் வரை அணைத்ததே இல்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடத்திலிருந்து தேர்வின் நடுவே விளக்கு போயிற்று என்ற புகார் கிடையாது. அது அவளுக்குப் பெருமை.

மதியத்தில் தேர்வு எழுதுகிறவர்கள் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சலில் படிக்கிறவர்கள். ஏழாம் மேசையில் அவர்களுக்கு எப்போதும் மதிப்பெண் குறைவு. வேலைக்குப் போகிறவர்களுக்குக் கவனம் பத்தாது என்று துறையில் எல்லோரும் சொன்னார்கள். அவளும் சொன்னாள்.

அப்படிப் படித்தவர்களில் ஒருத்தி அவள் நாத்தனார். முப்பத்தாறு வயது. குழந்தைகள் காப்பகத்தில் உதவியாளர். குழந்தைகளின் மூக்கைத் துடைப்பதும் தூங்க வைப்பதும் வேலை. இந்தப் படிப்பை முடித்தால் அங்கேயே ஆசிரியை ஆகலாம். எதைச் சொன்னாலும் எதிர்வாதம் வைப்பாள் என்பதால் வீட்டில் அவளுக்குப் பெயர் வக்கீல். செய்முறைத் தேர்வில் இரண்டு முறை தவறிவிட்டாள். விதிப்படி மூன்று முறைதான்.

இரண்டாம் முறை தவறியதும், திருத்திய விடைத்தாளின் நகலைக் கேட்டு வாங்கி வந்து, சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தாள்.

"ரெண்டே ரெண்டு மார்க்குல போச்சு. ஏழாம் மேசைல அஞ்சுக்கு ஒண்ணு."

"அந்த ஒண்ணு எதுக்காம்?" என்றான் அவள் அண்ணன், அதாவது கண்ணாடியக்காவின் கணவன். அவனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை.

"நம்பரை ஒழுங்கா எழுதினதுக்கு." அவள் சிரிக்கவில்லை. "பாருங்கண்ணி, சிவப்பு மையில என்ன எழுதியிருக்காங்கன்னு. 'பார்க்காமல் வரைந்தது.' மத்ததெல்லாம் பரவாயில்ல. பாக்காம வரைஞ்சேன்னு எப்படிச் சொல்லலாம்? புத்தகத்துல மணியெல்லாம் செல் முழுக்கப் பரவி இருக்கு. நான் பாத்தப்ப நடுவுல காலி. எல்லாம் சுவத்தோரமா ஒட்டிக்கிட்டு நின்னுச்சு. போன தடவையும் அப்படித்தான்."

"லிஃப்ட்ல நாலு பேர் ஏறினா ஆளுக்கு ஒரு மூலையில போய் நிப்பாங்க. அந்த மாதிரியோ என்னவோ," என்றான் அண்ணன்.

கண்ணாடியக்காவுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை. "அது நான் வெச்ச ஸ்லைடு. காலைல அவர் பாத்துக் கையெழுத்துப் போட்டது. மதியத்துக்குள்ள மாறிடுமா? நீ கண்ணைச் சரியா வெச்சிருக்க மாட்டே."

"கண்ணைப் பத்திச் சோடாபுட்டி போட்டவங்க சொல்றாங்க, கேட்டுக்கறேன்."

அதன் பிறகு பதினோரு நாள் இருவரும் நேரில் பேசிக்கொள்ளவில்லை. உப்பு வேண்டுமென்றாலும் அண்ணன் வழியாகத்தான். "ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோன லிஃப்ட் மாதிரி ஆயிட்டேன்," என்று அவன் இரண்டு பேரிடமும் தனித்தனியாகச் சொல்லிப் பார்த்தான். பலன் இல்லை.

விடுமுறை வந்தது. ஆய்வுக்கூடத்தைக் கழுவித் துடைக்கக் கண்ணாடியக்கா தனியாகப் போவாள். போன முதல் நாளே, நாத்தனார் சொன்னது பொய் என்று தனக்காவது நிரூபித்துக்கொள்ள, மொட்டைமாடியிலிருந்து ஒரு பாசி இலையைக் கிள்ளி வந்து ஏழாம் மேசையில் வைத்தாள். விளக்கைப் போட்டுப் பார்த்தாள். மணிகள் செல் முழுக்கப் பரவியிருந்தன, துணியில் சீராகப் போட்ட புள்ளிகள் போல. "சொன்னேன்ல," என்று காலி அறையில் சத்தமாகவே சொன்னாள். தன் வழக்கப்படி விளக்கை அணைக்காமல், ஜாடிகளைக் கழுவப் போனாள்.

இரண்டு மணி நேரம் கழித்து, விளக்கை அணைப்பதற்கு முன் சும்மா ஒரு தடவை குனிந்து பார்த்தாள். செல்களின் நடுவில் காலி. மணிகள் எல்லாம் பக்கச் சுவர்களை ஒட்டி வரிசை கட்டி நின்றன.

முதலில் இலை செத்துவிட்டது என்று நினைத்தாள். தண்ணீர் வற்றியிருக்கும். புது இலை வைத்து, தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டாள். அதுவும் அப்படியே ஆயிற்று. பழைய இலையை அலமாரிக்குப் பக்கத்தில் மங்கலான மூலையில் வைத்திருந்தாள். மாலையில் வீட்டுக்குக் கிளம்பும் முன் அதை எடுத்துப் பார்த்தால், மணிகள் மறுபடி செல் முழுக்கப் பரவியிருந்தன. செத்தது திரும்பி வருமா?

அடுத்த நாள் அவள் ஜாடிகளைக் கழுவவில்லை. பழைய வருகைப் பதிவுத் தாள்களின் பின்பக்கத்தில், கால் மணிக்கு ஒரு தடவை, கண்ணில் பட்ட ஒரே செல்லைத் திரும்பத் திரும்ப வரைந்தாள். மணிகள் ஓடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தால் எதுவும் அசைகிற மாதிரியே தெரியாது. வேறு பக்கம் பார்த்துவிட்டுத் திரும்பினால் இடம் மாறியிருக்கும். கடிகாரத்தின் சின்ன முள் போல.

சூடுதான் காரணமோ என்று சந்தேகம் வந்தது. குண்டு பல்பு, பெட்டியைத் தொட்டால் கை சுடும். ஒரு தட்டையான கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, விளக்குக்கும் நுண்ணோக்கிக்கும் நடுவில் வைத்தாள். சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொண்டது, தொட்டுப் பார்த்தாள். மணிகள் அப்போதும் சுவருக்குப் போயின. அப்படியானால் வெளிச்சம். ஒரு கறுப்புக் காகிதத்தில் ஊசியால் ஓட்டை போட்டு இலைக்கு அடியில் வைத்தாள். இரண்டு மணி நேரம் கழித்துக் காகிதத்தை உருவிவிட்டுப் பார்த்தாள். வெளிச்சம் பட்ட வட்டத்தில் இருந்த செல்களில் மட்டும் நடு காலி. வட்டத்துக்கு வெளியே மணிகள் ஒன்றுமே நடக்காதது போலப் பரவிக் கிடந்தன. வட்டத்தின் விளிம்பில் ஒரு செல் பாதி வெளிச்சத்திலும் பாதி நிழலிலும் மாட்டியிருந்தது. அந்த ஒரே செல்லுக்குள் வெளிச்சப் பாதி காலி. நிழல் பாதியில் நெரிசல். அந்தச் செல்லை அவள் சாப்பாட்டை மறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

கண் இல்லாத ஒன்றுக்கு வெளிச்சம் எந்தப் பக்கம் என்று எப்படித் தெரிகிறது? வெளிச்சத்தைத் தின்று வாழ்கிற ஒன்று வெளிச்சத்திலிருந்தே ஏன் ஒதுங்குகிறது? மங்கலாக இருந்தால் முகத்தைக் காட்டிப் படுத்துக்கொள்வதும், உக்கிரமானால் விளிம்பு மட்டும் தெரியச் சுவரோரம் போய் நிற்பதும் யார் சொல்லிக்கொடுத்து? பேருந்தில் வீட்டுக்குப் போகும்போது, வெயில் விழுந்த பக்கத்து இருக்கைகள் காலியாக இருப்பதையும் நிழல் பக்கத்தில் ஜனங்கள் நின்றுகொண்டு வருவதையும் பார்த்தாள். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

திரும்பி நடக்கும்போதுதான் மற்றது உறைத்தது. காலையில் போட்ட விளக்கு, அணைக்காத விளக்கு. காலையில் வந்தவர்கள் பார்த்தது பரவிய மணிகளை. மதியம் வந்தவர்கள் பார்த்தது சுவரோரம் நின்ற மணிகளை. பதினாறு வருடம். மதியத்தில் வந்தவர்களில் பார்த்ததை வரைந்தவர்களுக்கு மதிப்பெண் போயிற்று. பார்க்காமல் புத்தகத்தை நினைத்து வரைந்தவர்களுக்குக் கிடைத்தது. அதற்குக் காரணம் அவளுடைய பெருமை.

கல்லூரி திறந்ததும் தாள்களை எடுத்துக்கொண்டு துறைத்தலைவரிடம் போனாள். அந்த அம்மாள் அவசரப்படாதவர். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஏழாம் மேசைக்கு வந்து குழாயில் பார்த்தார். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி வந்து பார்த்தார்.

"இது புத்தகத்துலயே இருக்கும்மா," என்றார் கடைசியில். "வெளிச்சம் அதிகமானா மணி கெட்டுப்போகும். அதனால ஒதுங்கிக்குது. வெளிச்சத்துல நீலம்தான் அதுக்கு ரொம்ப உறைக்குமாம். வருஷா வருஷம் நானே பாடம் எடுக்கறேன்."

"அப்ப ஏன் மேடம் இது நமக்குத் தோணலை?"

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாடம் எடுக்கற ரூம் கீழ இருக்கு. இது மாடியில இருக்கு."

"பழசுக்கு என்ன செய்யறது?"

"பழைய பேப்பரெல்லாம் இப்ப இருக்காது. கிளறினா யாருக்கும் எதுவும் திரும்பி வராது. வரப்போற பரீட்சைக்கு மதியம் புது ஸ்லைடு வெச்சிடு. அப்ப ரெண்டு வேளைக்கும் ஒரே படம்தான். தேர்வாளர்கிட்ட எதுவும் சொல்ல வேண்டாம், நான் அனுமதி குடுக்கறேன்."

நல்ல யோசனைதான். யாருக்கும் சேதம் இல்லாத யோசனை.

வீட்டில் அந்தப் பதினோரு நாள் மௌனம் முடிந்து பல வாரங்கள் ஆகியிருந்தன. ஆனால் மன்னிப்பு என்று ஒன்று நடக்கவில்லை. அன்று மாலை வக்கீல் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீ பாத்தது சரி," என்றாள் கண்ணாடியக்கா.

"எது?"

"சுவத்தோரம். நான்தான் தப்பு. விளக்கு ரொம்ப நேரம் எரிஞ்சா அப்படிப் போயிடுது."

வக்கீல் மடித்த துணியை மறுபடி உதறி மடித்தாள். "சரி அண்ணி. இப்ப சொல்லி என்ன. நான் முடிவு பண்ணிட்டேன். இந்தத் தடவை குழாய்ப் பக்கமே குனியப் போறதில்ல. புத்தகப் படத்தை மனப்பாடம் பண்ணிட்டேன், கண்ணை மூடிட்டு வரைவேன்."

"பாத்து வரைடி."

"பாத்துதானே ரெண்டு தடவை போச்சு."

"அவ சொல்றதுலயும் நியாயம் இருக்கு," என்றான் கணவன். தேர்வில் என்ன வைக்கப் போகிறார்கள் என்று கண்ணாடியக்கா இதுவரை வீட்டில் வாய் திறந்ததில்லை; இப்போதும் திறக்கவில்லை. ஆனால் நாத்தனார் "குனியப் போறதில்ல" என்று சொன்னவிதம் முள்ளாகத் தைத்தது. இரண்டு முறை தவறியபோதும் பார்த்ததைத்தான் வரைவேன் என்று நின்றவள் அவள். பார்க்காமல் வரைந்தாள் என்று எழுதி எழுதி, கடைசியில் அப்படியே ஆக்கிவிட்டார்கள்.

தேர்வு நாள் காலையில் எல்லாம் வழக்கப்படி நடந்தது. வெளியூர்த் தேர்வாளர் பன்னிரண்டு குழாய்களிலும் பார்த்து டேப் ஒட்டிக் கையெழுத்திட்டார். விளக்குகள் எரிந்தன. மதிய இடைவேளையில் அறை காலியானது. கண்ணாடியக்காவின் கையில் மூடிய கண்ணாடித் தட்டு. அதற்குள் ஈரக் காகிதத்தின் மேல் புது ஸ்லைடு. துறைத்தலைவரின் அனுமதி இருந்தது. பழையதை எடுத்துவிட்டு இதை வைக்க ஒரு நிமிடம் போதும். புத்தகத்துப் படத்தையே வரையப் போகிறவளுக்கு அது பத்திரமான வழி. பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் தேறிவிடுவாள்.

ஏழாம் மேசை முன் அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தட்டைக் குழாயடித் தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டு, தேர்வாளர் உட்கார்ந்திருந்த அறைக்குப் போனாள்.

"சார், ஏழாம் மேசையை ஒரு தடவை வந்து பாக்கறீங்களா?"

"காலைல பாத்தாச்சே."

"இப்ப வேற மாதிரி இருக்கும்."

அவர் வேண்டாவெறுப்பாக எழுந்து வந்தார். குனிந்தார். நிமிர்ந்தார். டேப்பை விரலால் தடவிப் பார்த்தார். "யார் தொட்டது?"

"யாரும் தொடலை. உங்க கையெழுத்து அப்படியே இருக்கு. விளக்கு மட்டும் எரிஞ்சுக்கிட்டு இருந்துச்சு."

அவர் மறுபடி குனிந்தார். இந்தத் தடவை சீக்கிரம் நிமிரவில்லை. "படிச்சிருக்கேன்," என்றார், குழாயிலிருந்து கண்ணை எடுக்காமலே. "பாத்ததில்ல." பிறகு பையிலிருந்து விடைக்குறிப்பை எடுத்து, ஏழாம் எண்ணுக்கு எதிரே மதியத்துக்கென்று தனியாக ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டார். மதியத்தில் வருகிறவர்களுக்கு இனிச் சரியான படம் சுவரோரப் படம்தான்.

இரண்டு மணிக்கு மதியக் குழு உள்ளே வந்தது. கண்ணாடியக்காவுக்குக் கதவோரம் ஸ்டூல். மேசைப் பக்கம் போகக் கூடாது, பேசக் கூடாது, சைகை காட்டக் கூடாது. ஏழாவது மணி அடித்தபோது வக்கீல் ஏழாம் மேசையில் உட்கார்ந்தாள். சொன்னபடியே குழாய்ப் பக்கம் குனியவில்லை. பென்சிலை எடுத்து மளமளவென்று வரைய ஆரம்பித்தாள். கட்டம், கட்டத்துக்குள் புள்ளி, புள்ளி, புள்ளி. கதவோரத்திலிருந்து அவள் கை போகிற வேகமே சொல்லிற்று, நடுவையும் நிரப்புகிறாள் என்று.

கண்ணாடியக்கா தன் கண்ணாடியைக் கழற்றினாள். அது இல்லாமல் அவளுக்கு எதுவும் தெரியாது. சுவர்க் கடிகாரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. பொறுக்க முடியாமல் மறுபடி மாட்டிக்கொண்டாள்.

வக்கீல் வரைந்து முடித்துவிட்டாள். இரண்டு நிமிடம் மீதி இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். எதிரே எரிகிற விளக்கு, கண் உயரத்தில் குழாய். ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு, வேண்டாம் என்று வைத்த பலகாரத்தை எட்டிப் பார்க்கிறவள் மாதிரி, மெல்லக் குனிந்தாள்.

குனிந்தவள் அப்படியே இருந்தாள். நிமிர்ந்து தன் படத்தைப் பார்த்தாள். மறுபடி குழாயில் பார்த்தாள். அழிப்பானை எடுத்தாள். நடுப் புள்ளிகளை அழுத்தித் தேய்த்ததில் தாள் ஓரிடத்தில் கிழிந்தது. மணி அடிக்கும்போது ஓரத்துப் புள்ளிகளை அவசரமாகப் போட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே சொன்னாள். "போச்சு அண்ணி. வெச்சிருந்ததையும் அழிச்சுட்டு வந்துட்டேன். கை கேக்கலை."

"விடு," என்றாள் கண்ணாடியக்கா. "கை கால் கழுவிட்டு வா."

ஆறு வாரத்தில் முடிவு வந்தது. வக்கீல் தேறியிருந்தாள். ஏழாம் மேசையில் ஐந்துக்கு நான்கரை. தாளைக் கிழித்ததற்கு அரை போயிற்று. அவள் ஆசிரியை ஆனாள். கண்ணாடியக்கா பழைய பல்புகளை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்து, புதியவை வந்த பிறகு மதிய இடைவேளையில் விளக்குகளை அணைத்தாள். ஏழாம் மேசை தவிர. விடைக்குறிப்பில் அதற்கு இப்போது இரண்டு படங்கள்.

மூன்று வருடம் கழித்து வக்கீல் ஏதோ சான்றிதழ் வாங்கக் கல்லூரிக்குப் போனபோது, துறைத்தலைவர் பேச்சுவாக்கில் அந்தப் புது ஸ்லைடைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். வக்கீல் அன்று மாலை நேரே சமையலறைக்கு வந்து, அண்ணியின் பக்கத்தில் நின்றாள்.

"கையில புது ஸ்லைடு இருந்துச்சாமே. மேடமே அனுமதி குடுத்திருந்தாங்களாமே."

"இருந்துச்சு."

"நான் குனிய மாட்டேன்னு சொன்னது ஞாபகம் இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அது கடைசித் தடவைன்னும் தெரியும். நான் குனியாம போயிருந்தா?" வக்கீல் காத்திருந்தாள். குறுக்கு விசாரணையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. எத்தனை நேரமும் காத்திருப்பாள். "ஏன் அண்ணி அதை வைக்கலை?"

கண்ணாடியக்கா கழுவிய டம்ளரை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, கறை இருக்கிறதா என்று பார்த்தாள். துடைத்து, கவிழ்த்து வைத்தாள். அடுத்த டம்ளரை எடுத்தாள்.